பட்டின் நிறம்

சித்திரை முழுமதி நாளின் வைகறையில் கள்ளழகர் தங்கக் குதிரைமீது வைகையாற்றில் இறங்குவார். அக்காட்சியைத் தொலைக்காட்சி நிலையங்கள் நேரடியாக ஒளிபரப்புகின்றன. ஆற்றோரமாகச் சில கல் மேற்கேயுள்ள கோச்சடையில், நடக்கவியலாத முதியோர் வீட்டிலிருந்தே கண்டு வணங்குவர். அழகர் உடுத்த பட்டு எந்நிறம் என்பதே அவர்தம் முதற்கேள்வி. பச்சையாயின் நாடு செழிக்கும் என்பது மதுரை மக்களின் நம்பிக்கை.

அந்நிறம் பிறழாது காட்டும் பொறுப்பு தொழில்நுட்ப இயக்குநருடையது. ஒளிபரப்பு ஊர்தியினுள், வரிசையான திரைகளின்முன் அவர் அமர்ந்திருப்பார். மின்விளக்கொளிக்கு ஏற்ப அமைத்த படக்கருவி, கதிரவன் எழுந்தபின் பொருள்களை நீலம் பாய்ந்தனவாகக் காட்டும். ஆதலின் ஒளி மாறமாறக் கருவிகள் அனைத்தையும் ஒருநிறப்படுத்தல் வேண்டும். இஃது எளிய செயலன்று.

நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 படங்கள். கருவிகள் யாவும் ஒரே கணத்தில் படத்தைத் தொடங்காவிடின், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகையில் திரை துள்ளும். நிகழ்ச்சி இயக்குநர் குறித்த காட்சிக்குப் பொத்தானை அழுத்துபவரும் சில நிலையங்களில் இவரே. நாடகமாயின் மீண்டும் நடிக்கச் செய்யலாம். அழகரை மீண்டும் இறங்கச் சொல்வார் யார்?

அங்கிருந்து காட்சி, 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கக் கால் நொடி ஆகும். மின்சாரம் தடைப்பட்டால் இயங்க வேண்டிய மின்னாக்கியை முன்னரே ஓட்டிப் பார்த்து வைப்பதும் இவர் கடமையே.