அழுத்தினால் காலம் மாறும்

பூன் லே எம்ஆர்டி நிலையத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். அங்கே கேட்கும் சீனத்தில் 'மா' ஒரு தொனியில் அம்மா, இன்னொன்றில் குதிரை. நம் 'சேர்கிறேன்' என்பதில் ஒரு 'க்' கூடினால் 'சேர்க்கிறேன்', பொருளே வேறு.

ஸ்பானிய மொழியில் இந்த வேலையைச் செய்வது அழுத்தம். 'அப்லொ' என்ற வினையில் முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'. ஆளும் மாறியாயிற்று, காலமும் மாறியாயிற்று! எழுத்தில் வித்தியாசம், கடைசி உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்கோடு மட்டுமே.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் 'அப்-லொ' என்று பிரிப்போம். ஒற்று முன்னெழுத்தோடு சேர்வதே நம் யாப்பு வழக்கம். அவர்களுக்கோ 'அ-ப்லொ'. அழுத்தச் சொன்னால் நமக்கு நீட்டத்தான் வரும். குறில் நெடில் பழகிய நாக்கு அல்லவா? நீட்டாமல் அழுத்திச் சொல்லிப் பாருங்கள்.