மலிவு விலைக் கைப்பேசிகளும் அவற்றில் ஒளிந்து வரும் செயலிகளும்

விதை வாங்கும் குடியானவர் அதன் விலையை மாத்திரம் பார்ப்பதில்லை. முளைப்புத் திறன் எவ்வளவு, களைவிதை கலந்துள்ளதா, மூட்டையில் சான்று அட்டை கட்டப்பட்டுள்ளதா என்று விசாரித்த பின்னரே பணத்தை எண்ணி வைக்கிறார். ஆனால் கைப்பேசி வாங்கும்பொழுது இத்தகைய விசாரணை பெரும்பாலும் நடைபெறுவதில்லை. பெரிய திரை, இரண்டு சிம், விலை மிகக் குறைவு என்றால் அதுவே போதுமென்று பலர் எண்ணுகின்றனர். பெயர் தெரியாத கம்பெனியின் மலிவுக் கைப்பேசி சிலவற்றில், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னரே தீய செயலிகள் உள்ளே அமர்ந்திருந்தன என்பது பல தேசங்களில் நிரூபணமாகியிருக்கிறது. ஆதலின் இவ்விஷயத்தை விவசாயிகள் நன்கு அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

இக்காலத்தில் கைப்பேசி ஆடம்பரப் பொருளன்று. ஏரைப்போலவும் மண்வெட்டியைப்போலவும் ஒரு சாதனமாகிவிட்டது. 2018-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட உழவன் செயலியின் மூலம் மானியத் திட்டங்களும் சந்தை விலைகளும் தெரிந்துகொள்ளப்படுகின்றன. பி.எம். கிசான் உதவித்தொகைக்கான அடையாளச் சரிபார்ப்பும், வங்கிக் கணக்கின் பணமாற்றமும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கொண்டு நடைபெறுகின்றன. அந்த எண்ணைச் சொந்தக்காரருக்கு முன்னரே படிக்கக்கூடிய ஒரு செயலி உள்ளே இருக்குமாயின், களஞ்சியத்தின் சாவி அந்நியன் கையில் இருப்பதற்கும் அதற்கும் பேதமில்லை.

களைவிதை கலக்கும் இடம்

ஆண்ட்ராய்டு என்னும் இயங்குதளத்தின் அடிப்படை நிரல் எவரும் எடுத்து உபயோகிக்கத்தக்க பொதுச் சொத்து. அதன்மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் வேலைப்பாடுகளைச் சேர்த்துக்கொள்கிறது. பெரிய கம்பெனிகள் இவ்வேலையைப் பெரும்பாலும் தம் சொந்த ஆட்களைக்கொண்டு செய்கின்றன. சிறிய கம்பெனிகளிடம் அவ்வளவு வசதி இல்லை. முகத்தைக் காட்டித் திரையைத் திறக்கும் வசதி போன்ற ஏதேனும் ஒன்று வேண்டுமானால், அவை தம் மென்பொருள் முழுவதையும் வெளியார் ஒருவருக்கு அனுப்பி, அவர் திருத்திக் கொடுத்ததை அப்படியே கைப்பேசிகளில் ஏற்றிவிடுகின்றன. இவ்வழியாகத்தான் டிரையாடா என்னும் தீநிரல் பல கைப்பேசிகளுள் புகுந்தது என்று கூகிள் நிறுவனம் 2019 ஜூனில் விளக்கமாக வெளியிட்டது. விற்றவர்க்கும் தெரியாமல், வாங்கினவர்க்கும் தெரியாமல் தீங்கு இடையில் கலந்துவிடுகிறது.

மற்றொரு காரணம் லாபம் பற்றியது. மலிவுக் கைப்பேசியில் தயாரிப்பாளருக்குக் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். ஆகவே விளம்பரக்காரர்களிடமும் செயலிக்காரர்களிடமும் பணம் பெற்று அவர்களுடைய செயலிகளை முன்கூட்டியே ஏற்றி விற்பது ஒரு வழக்கமாகியிருக்கிறது. இவை யாவும் தீயவை அல்ல. எனினும் எதற்காக வந்தது, யாருடையது என்று விளங்காத செயலிகள் இவற்றினிடையே மறைந்துகொள்வது எளிதாகிறது.

இவற்றைக் களைவதில் உள்ள சிரமம் யாதெனில், கைப்பேசியின் நினைவகம் இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதேயாகும். ஒன்று உபயோகிப்பவருடைய பகுதி; அவர் ஏற்றும் செயலிகளும் படங்களும் அதில் இருக்கும். மற்றொன்று இயங்குதளத்தின் பகுதி. அதில் எழுதவோ அழிக்கவோ உபயோகிப்பவருக்கு அதிகாரமில்லை. கைப்பேசியை முற்றும் அழித்துப் புதிதாக்கும் 'பேக்டரி ரீசெட்' முதற்பகுதியை மாத்திரமே துடைக்கிறது. இரண்டாம் பகுதியில் இருக்கும் தீச்செயலி அசையாமல் இருந்து, துடைத்த மறுநாளே தன் வேலையைத் தொடங்கும். சோளத்தின் வேரைப் பற்றிய சுடுமல்லி மண்ணுக்கு மேல் தலைகாட்டுமுன்பே பயிரை உறிஞ்சிவிடுவது போன்றதே இது.

பிற தேசங்களில் கண்டறிந்தவை

அமெரிக்காவில் 2016 நவம்பரில் கிரிப்டோவயர் என்னும் பாதுகாப்பு நிறுவனம், சுமார் 50 டாலருக்கு விற்ற புளூ ஆர்1 எச்.டி. கைப்பேசியைப் பரிசோதித்தது. அதில் மென்பொருளைப் புதுப்பிப்பதற்கென்று ஏற்றப்பட்டிருந்த செயலி, குறுஞ்செய்திகளின் முழு வாசகத்தையும், அழைப்பு விவரங்களையும் 72 மணி நேரத்திற்கு ஒரு முறை சீனாவிலுள்ள கணினிகளுக்கு அனுப்பி வந்தது. அச்செயலியைச் செய்தது ஷாங்காயைச் சேர்ந்த அடப்ஸ் என்னும் கம்பெனி. தன் கைப்பேசிகளில் 1,20,000 இதனால் பாதிக்கப்பட்டன என்று புளூ நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ரஷ்யாவின் டாக்டர் வெப் நிறுவனம் 2017 ஜூலையில் லீகூ, நோமு என்ற பெயர்களில் விற்கப்பட்ட நான்கு மாடல்களில் டிரையாடாவைக் கண்டது. 2018 மார்ச்சில் அப்பட்டியல் 40 மாடல்களுக்கு மேல் வளர்ந்தது. ஆண்ட்ராய்டில் எல்லாச் செயலிகளும் பிறப்பதற்குத் தாயாக உள்ள பகுதி ஒன்று உண்டு. டிரையாடா அத்தாயினுள்ளேயே புகுந்துகொள்வதால், பின்னர் திறக்கப்படும் ஒவ்வொரு செயலியிலும் அதன் கை நுழைகிறது.

ஏழைகளுக்கென்று அமெரிக்க அரசின் உதவியுடன் 35 டாலருக்குக் கொடுக்கப்பட்ட யு.எம்.எக்ஸ். கைப்பேசியில் இரு தீச்செயலிகள் இருந்தன என்று மால்வேர்பைட்ஸ் நிறுவனம் 2020 ஜனவரியில் அறிவித்தது. அவற்றுள் ஒன்று, கைப்பேசியின் 'செட்டிங்ஸ்' செயலியே. அதனை நீக்கினால் கைப்பேசியே பயனற்றுப் போகும்.

அதே ஆண்டு ஆகஸ்டில், ஆப்பிரிக்காவில் விற்கப்பட்ட டெக்னோ டபிள்யு2 கைப்பேசிகள் பற்றிய செய்தி வந்தது. சொந்தக்காரர் அறியாமலே அவரைக் கட்டணச் சேவைகளில் சேர்த்து, முன்கூட்டிச் செலுத்திய ரீசார்ஜ் பணத்தைக் கரைக்கும் முயற்சி இவற்றில் நடந்தது. அப்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் கணக்குப்படி, 2 லட்சத்திற்கு மேற்பட்ட கைப்பேசிகளிலிருந்து 1 கோடியே 92 லட்சம் சந்தேகத்திற்குரிய நடவடிக்கைகள் பதிவாயின. எத்தியோப்பியா, கானா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளின் எளிய மக்களே இவற்றை உபயோகித்தவர்கள். உற்பத்தித் தொடரில் இருந்த அடையாளம் தெரியாத ஓர் இடைநிறுவனமே காரணம் என்று தயாரிப்பாளர் கூறினர்.

இந்தியாவும் இதற்கு விலக்கன்று. லெமன் குரூப் என்று பெயரிடப்பட்ட கூட்டத்தார் முன்கூட்டியே தீநிரல் ஏற்றிய சாதனங்கள் சுமார் 89 லட்சம் என்று டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் 2023 மே மாதத்தில் வெளியிட்டது. அவை மிகுதியாகக் காணப்பட்ட நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இடம் பெற்றது. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. செய்திகளைப் பிடித்து, அந்த எண்ணின் பெயரில் கணக்குகளைத் திறந்து விற்பது அக்கூட்டத்தாரின் தொழில்களில் ஒன்று. நல்ல கம்பெனிகளின் பெயரைப் போலியாக ஒட்டிய கைப்பேசிகளிலும் டிரையாடா ஏற்றப்பட்டு வருவதை 2025 ஏப்ரலில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் அறிவித்தது.

அறிகுறிகள்

எந்தச் செயலியையும் திறவாதபோது விளம்பரம் திரையை மறைத்தல். உபயோகத்திற்கு மிஞ்சி டேட்டா தீர்தல். ரீசார்ஜ் பணம் காரணமின்றிக் குறைதல். நீக்கிய செயலி மீண்டும் தானே வந்து அமர்தல். கேளாத கணக்குகளுக்கு ஓ.டி.பி. வருதல், சும்மா வைத்திருக்கும்போதும் கைப்பேசி சூடேறுதல் ஆகியவை முக்கியமானவை.

ஆயினும் இக்குறிகள் உபயோகிப்பவரே பின்னர் ஏற்றிய செயலியாலும் தோன்றலாம். குற்றம் எங்குள்ளது என்று பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. கைப்பேசியை 'சேப் மோட்' என்னும் முறையில் திறந்தால், பின்னர் ஏற்றிய செயலிகள் இயங்கா. கம்பெனி ஏற்றியவை மட்டும் இயங்கும். அம்முறையிலும் விளம்பரமும் டேட்டாச் செலவும் தொடருமானால், தீங்கு கைப்பேசியுடன் வந்ததென்று பெரும்பாலும் கொள்ளலாம். அடங்கிவிட்டால், பின்னர் ஏற்றியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தல் வேண்டும்.

வாங்கு முன் செய்ய வேண்டியவை

1. ரசீது கொடுக்கும் கடையிலேயே வாங்க வேண்டும். பெட்டியின்மேல் தயாரிப்பாளரின் பெயரும் விலாசமும் இல்லாதவற்றை விலக்க வேண்டும்.

2. *#06# என்று அழுத்தினால் 15 இலக்கமுள்ள ஐ.எம்.இ.ஐ. எண் தோன்றும். அது பெட்டியிலுள்ள எண்ணுடன் ஒத்திருக்க வேண்டும். கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களையும், ஓர் இடம் விட்டு அவ்வெண்ணையும் 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் கைப்பேசியின் விவரம் வரும். சஞ்சார் சாத்தி தளத்திலும் இதனைப் பார்க்கலாம். எண் சரியாயிருப்பது போலியன்று என்பதற்கு ஓர் ஆதாரமேயன்றி, உள்ளிருக்கும் மென்பொருள் தூயது என்பதற்கு ஆதாரமாகாது.

3. ஆகவே கடையிலேயே பிளே ஸ்டோரைத் திறந்து, 'செட்டிங்ஸ்' பகுதியில் 'அபவுட்' என்பதன்கீழ், சாதனம் 'பிளே புரொடெக்ட்' சான்று பெற்றதா என்று பார்க்க வேண்டும். சான்றில்லாததை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது. இச்சான்று விதை மூட்டையின் அட்டையைப் போன்றது. முழு உத்தரவாதமன்று, ஆனால் அது இல்லாமை நிச்சயமான எச்சரிக்கை.

4. பாதுகாப்புப் புதுப்பிப்பு கடைசியாக வந்த தேதியையும் 'செட்டிங்ஸ்' பகுதியில் காணலாம். தேதி மிகப் பழையதாயின் அக்கைப்பேசியை வாங்காதிருப்பதே நலம்.

கையில் உள்ள கைப்பேசிக்குப் பரிகாரம்

செயலிகளின் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயருடையவற்றின்மேல் எவ்வளவு டேட்டாச் செலவாகியிருக்கிறது, குறுஞ்செய்தி, தொடர்பெண்கள், ஒலிவாங்கி இவற்றிற்கு அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். டார்ச் விளக்குச் செயலிக்குக் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி எதற்கு? அத்தகைய அனுமதிகளை நீக்கி, 'டிசேபிள்' என்ற பொத்தான் இருப்பின் அதனை அழுத்தி முடக்கிவிடலாம். மற்றச் செயலிகளின்மேல் தோன்றும் அனுமதியையும், வெளியிலிருந்து செயலிகளை ஏற்றும் அனுமதியையும் அவ்வாறே அடைக்க வேண்டும். ஆனால் பெயர் புரியவில்லை என்ற ஒரே காரணத்தால் இயங்குதளத்தின் செயலிகளைக் கண்டபடி முடக்குதல் தவறு. அழைப்பும் சிம்மும் நின்றுபோகக் கூடும்.

முடக்கும் பொத்தான் இல்லாதவிடத்து, விஷயம் தெரிந்த ஒருவர் கைப்பேசியைக் கணினியுடன் இணைத்து, அச்செயலியை உபயோகிப்பவரின் கணக்கிலிருந்து நீக்கலாம். எனினும் மூலக்கோப்பு உள்ளேயே இருப்பதால், 'ரீசெட்' செய்தால் அது மீண்டுவிடும். தீநிரல் இயங்குதளத்தின் வேரிலேயே இருப்பின் இதுவும் பயன்படாது. தயாரிப்பாளர் வெளியிடும் தூய மென்பொருள் ஒன்றே அதற்கு மருந்து. தயாரிப்பாளர் இன்னாரென்றே தெரியாவிடில் அம்மருந்தும் கிடையாது. அந்நிலையில் வங்கி எண்ணுக்குரிய சிம்மை உடனே எடுத்து வேறு நம்பத்தக்க கைப்பேசியில் இட்டு, வங்கியின் கடவுச்சொல்லையும் பின் எண்ணையும் அங்கிருந்து மாற்றிவிட வேண்டும். சந்தேகத்திற்குரிய கைப்பேசியிலிருந்து மாற்றினால் புதிய சொல்லும் திருடன் கைக்கே போகும்.

ரீசார்ஜ் பணம் குறைவதாயின், 155223 என்ற எண்ணின் மூலம் கேளாத கட்டணச் சேவைகளை நிறுத்தலாம். வங்கிப் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும். பணம் பல கணக்குகளுக்கு மாறுமுன் தடுக்கப்படுவதற்கு இவ்வேகமே துணை.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கக் காரியதரிசிகளும் பிறருடைய ஆதார் எண், கணக்கெண், பட்டா நகல் ஆகியவற்றைத் தம் கைப்பேசியில் பெறுகின்றனர். ஒருவருடைய கைப்பேசி கெட்டிருந்தால் ஊர் முழுவதின் விவரமும் வெளியேறும். ஆகையால் அரசாங்க வேலைக்கு உபயோகமாகும் கைப்பேசிக்குச் சான்று உண்டா என்று அவர்கள் முதலில் பார்த்துக்கொள்வது கடமையாகும். பயனாளிகள் ஓ.டி.பி. வரவில்லை என்றோ, கேளாமல் வந்தது என்றோ முறையிடுங்கால், அதனை அறியாமை என்று தள்ளாமல் அவர்களுடைய கைப்பேசியைச் சோதித்துப் பார்க்கும்படி சொல்ல வேண்டும்.

குறைந்த பணமே கையில் உள்ளவர்கள் பெயரறியாத புதுக் கைப்பேசியை விட, பெயரறிந்த கம்பெனியின் பழைய கைப்பேசியை, இன்னும் புதுப்பிப்பு வருகிறதா என்று பார்த்து, முற்றும் துடைத்துவிட்டு உபயோகிப்பது மேல். அதுவும் இயலாவிடின், வங்கி எண்ணை மட்டும் நன்கறியப்பட்ட கம்பெனியின் சாதாரணப் பட்டன் போனில் வைத்துக்கொள்ளலாம். பயிர்க்கடனும் மானியமும் வந்து சேரும் கணக்கை, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் மிச்சத்திற்காக அந்நியர் கண்ணுக்குத் திறந்து வைத்தல் எவ்விதத்திலும் சிக்கனமாகாது.