மைக் இல்லாமல் ஊரை மயக்கிய குரல்!
தாத்தா கேட்ட கிட்டப்பா பாட்டு, பேரனுக்குச் சிலிர்க்கிறது

ஐரோலி,

நாடக மேடையின் கான மன்னர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா மறைந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பாடியதை நேரில் கேட்டவர்கள் இன்று இல்லை என்றே சொல்லலாம்.

ஆனாலும் தாராவியில் இருந்தும் செம்பூரில் இருந்தும் கடற்கழியைத் தாண்டி ஐரோலிக்குக் குடிவந்த நெல்லைச் சீமைக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். "எங்க தாத்தா வண்டி கட்டிட்டுப் போய்க் கேட்டாராம்" என்று பேச்சு ஆரம்பமாகும். கேட்டவர் தாத்தா, உடம்பு சிலிர்ப்பது பேரனுக்கு!

கிட்டப்பா 1906-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி பிறந்தார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அண்ணன்மார்களோடு பாலகனாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பின்னர் கன்னையா கம்பெனியில் பெரும் புகழ் பெற்றார்.

கீற்றுக் கொட்டகை

அந்த நாளில் மேடைக்கு மைக் கிடையாது. கீற்றுக் கொட்டகையில் கடைசியாக மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்டாக வேண்டும். காலணா கொடுத்தவன் சும்மா விடுவானா? ஆண்கள் பொதுவாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடுவார்கள். கிட்டப்பாவோ பெண் குரலுக்கு உரிய உச்ச சுருதியில் நின்று, அங்கேயே பிருகாக்களை உதிர்ப்பார். குரல் பிசிறாது. கதை எல்லாருக்கும் தெரிந்த புராணக் கதைதான். ஜனங்கள் வந்தது அந்தக் குரலுக்காக. "ஒன்ஸ்மோர்" கேட்டால் கதை அப்படியே நிற்கும். பாட்டு மறுபடி நடக்கும்.

மேல்நாட்டில் இத்தாலியப் பாடகர் காரூசோவும் இப்படித்தான். ஒபரா என்னும் இசை நாடகத்தில், மைக் இல்லாமல் பெரிய அரங்கத்தை நிறைத்தவர். 1921-ல் 48 வயதில் காலமானார். அவர் இசைத்தட்டுகளை உலகம் இன்றும் கேட்கிறது.

கிட்டப்பாவின் இசைத்தட்டுகளும் இருக்கின்றன. தேவாமிருதவர்ஷிணி ராகத்தில் அவர் பாடிய தியாகராஜர் கிருதியைச் செல்போனிலேயே கேட்கலாம். ஆனால் அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான். விடிய விடியப் பாடியவருக்கு மூன்று நிமிடம் என்பது, கல்யாணப் பந்தியில் ஊறுகாயை மட்டும் வைத்து எழுப்பிவிட்ட மாதிரி! அதற்கே இந்தக் கிறக்கம் என்றால், கொட்டகையில் இருந்தவன் பாடு என்னவாக இருந்திருக்கும்?

சினிமாவிலும் அவர் இல்லை. தமிழ் பேசும் படம் 1931-ல் வந்தது. 1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, 27 வயதில் கிட்டப்பா இறந்துவிட்டார்.

வெள்ளைப் புடவை

அந்தக் குரலை எவரையும்விடப் பக்கத்தில் நின்று கேட்டவர் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். இலங்கை மேடையில் சேர்ந்து நடித்தார்கள், 1927-ல் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி உண்டு. சுந்தராம்பாளோடும் மனத்தாங்கல் வந்து பிரிந்திருந்த காலம் உண்டு. அந்த வருத்தமெல்லாம் கடிதங்களில் பதிவாகி இருக்கிறது.

அவர் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைப் புடவை உடுத்தினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். "நந்தனார்" படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லி அழைத்தார்கள். அந்தக் காலத்து லட்சம்! ஆண் வேடம் பூண்டு, நந்தனாராகவே நடித்துக் கொடுத்தார். படம் 1935-ல் வெளிவந்தது. 1980-ல் கண் மூடும்வரை, 47 ஆண்டுகள், அதே வெள்ளைப் புடவைதான்.