பாடசாலையும் பகல் வெளிச்சமும்

காலை வேளையில் நமது நகரத்து வீதிகளில் நின்று, பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளைக் கவனிப்போர் ஒரு விஷயத்தைக் காணாமலிருக்க முடியாது. எட்டு வயதும் பத்து வயதுமான குழந்தைகளில் எத்தனையோ பேர் மூக்குக்கண்ணாடி அணிந்திருக்கின்றனர். பாட்டனார் முதுமையில் படிப்பதற்காக அணிந்தது கண்ணாடி. பேரனோ மூன்றாம் வகுப்பிலேயே கரும்பலகையைப் பார்ப்பதற்காக அதை அணிகிறான். பெற்றோரில் பலர் இதைக் கல்விக்குச் செலுத்தவேண்டிய வரியாக எண்ணிச் சமாதானமடைகின்றனர். சிலர் படிப்பாளிக்கு அழகென்று பெருமையும் கொள்கின்றனர். இவ்விரு மனோபாவங்களும் தவறானவை என்பதை இன்று எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

மனித வர்க்கம் இப்பூமியில் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் வருஷங்களாகின்றன. அந்நெடுங்காலத்தில் மிகப் பெரும்பகுதியை நம் முன்னோர் திறந்த வெளியிலேயே கழித்தனர். வேட்டையாடியதும், கிழங்கு அகழ்ந்ததும், பின்னர் உழுததும், ஆடு மாடு மேய்த்ததும் பகல் வெளிச்சத்திலேதான். குழந்தைகளும் சூரியன் உதித்தது முதல் அஸ்தமிக்கும் வரை வெளியிலேயே வளர்ந்தனர். குழந்தைகள் அனைவரையும் நாள்தோறும் ஆறு மணி நேரம் நான்கு சுவர்களுக்குள் உட்காரவைக்கும் ஏற்பாடு ஏற்பட்டு இருநூறு வருஷங்கள் கூட ஆகவில்லை. இக்குறுகிய காலத்தில் மனித உடலின் அமைப்பு மாறிவிடாது. அதற்குப் பல நூறு தலைமுறைகள் வேண்டும். உடல் பழையது, வாழ்க்கை புதியது. இவ்விரண்டிற்குமுள்ள பொருத்தமின்மையே நம் காலத்து வியாதிகள் பலவற்றிற்கு மூலம். நீரிழிவையும் ரத்தக் கொதிப்பையும் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். குழந்தைகளின் கண்ணைப் பற்றி மட்டும் போதிய கவலை கொள்கிறோமில்லை.

பிறந்த குழந்தையின் கண் சுமார் 17 மில்லிமீட்டர் நீளமுள்ளது. வளர்ந்தவரின் கண்ணோ 24 மில்லிமீட்டர் அளவுள்ளது. இடைப்பட்ட வருஷங்களில் கண் எவ்வளவு நீள வேண்டுமோ அவ்வளவே நீண்டு நின்றால்தான் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையின் மேல் சரியாக விழும். ஒரு மில்லிமீட்டர் அதிகமாக நீண்டாலும் தூரத்துப் பொருள் மங்கிவிடும். இதுவே கிட்டப்பார்வை. கண்ணின் வளர்ச்சியைத் தக்க இடத்தில் நிறுத்தும் காரணங்களில் பகல் வெளிச்சம் முக்கியமானது என்பது சென்ற சில பத்தாண்டுகளில் வெளிப்பட்டிருக்கிறது. பிரகாசமான ஒளி பட்டதும் விழித்திரையில் டோபமைன் என்னும் ரஸாயனப் பொருள் சுரந்து, கண்ணின் நீட்சிக்குக் கடிவாளமிடுகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். வகுப்பறையின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் அளவுதான். நடுப்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் வரை செல்லும். நம் கண்ணுக்கு அறை நன்கு வெளிச்சமாகத் தோன்றுகிறது. கண்ணின் வளர்ச்சியைப் பொறுத்தவரை அது அந்திவேளையேயாகும்.

‘கிட்டப்பார்வை பரம்பரையாக வருவதன்றோ?’ என்று கேட்கலாம். பரம்பரைக்கும் பங்குண்டு. ஆனால் அது ஒன்றே காரணமாயின், ஒரே தலைமுறையில் நோய் பெருகுவதெப்படி? வட அலாஸ்காவிலுள்ள எஸ்கிமோ குடும்பங்களை ஆராய்ந்து 1969-ம் வருஷத்தில் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. பள்ளிக்கூடத்தையே அறியாத முதியோரிடம் கிட்டப்பார்வை அநேகமாக இல்லை. பள்ளி சென்ற இளந்தலைமுறையினரில் பாதிப்பேருக்கு மேல் அது கண்டிருந்தது. ரத்தம் ஒன்றே, வாழ்க்கைதான் வேறு. தென்கொரியாவின் தலைநகரமான ஸியோலில் 2010-ம் வருஷத்தில் ராணுவத்திற்காகப் பரிசோதிக்கப்பட்ட 19 வயது வாலிபர்களில் நூற்றுக்கு 96-க்கு மேற்பட்டோர் கிட்டப்பார்வையுடையோர். தேசமொன்றின் தலைநகரில் தூரப்பார்வை நன்றாயுள்ள வாலிபனைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது!

படிப்புத்தான் குற்றவாளியா? 2008-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு நல்ல விடை தருகிறது. சீன வம்சத்துக் குழந்தைகளில் ஆறேழு வயதினரைச் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் ஸிட்னியிலும் ஒப்பிட்டுப் பார்த்தனர். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. ஸிட்னியில் 3 பேருக்கே. ஸிட்னிக் குழந்தைகள் புத்தகம் குறைவாகப் படித்தவர்களல்லர். வாரத்திற்கு அதிகமாகவே படித்தனர். பெரிய வேற்றுமை ஒன்றுதான்: அவர்கள் வாரத்தில் சுமார் 14 மணி நேரம் வெளியில் கழித்தனர், சிங்கப்பூர்க் குழந்தைகள் 3 மணி நேரமே கழித்தனர். ஆகவே சரஸ்வதியின் மேல் பழி போடுவதற்கில்லை. புத்தகத்தைக் கொடுத்ததன்று நாம் செய்த பிழை, வெளிச்சத்தைப் பறித்ததுதான்.

இதற்குப் பரிகாரமும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. சீனத்தின் குவாங்சௌ நகரில் சில பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிஷம் வெளியில் ஒரு வகுப்பு கூடுதலாக வைத்தனர். மூன்று வருஷங்களுக்குப் பின், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் நூற்றுக்கு 39-க்கு மேற்பட்டோருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் வகுப்பு நடந்த பள்ளிகளில் அது நூற்றுக்கு 30 அளவில் நின்றது. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் தினம் இரண்டு மணி நேரம் வெளியிலிருக்க வேண்டுமென்ற இயக்கம் நடந்தது. வருஷந்தோறும் ஏறிக்கொண்டே வந்த பார்வைக் குறைவு 2012-ல் நூற்றுக்கு 49-க்கு மேலிருந்து 2015-ல் 46 ஆக இறங்கிற்று. இது சிறு இறக்கமே. எனினும் ஏறுவதையே கண்ட கணக்கு இறங்கியது சாமான்ய காரியமன்று. கிட்டப்பார்வை வந்துவிட்ட பின் அதைத் தடுத்து நிறுத்தும் சக்தி வெயிலுக்கு அவ்வளவாக இல்லை. வருமுன் காப்பதற்கே அது உதவுகிறது. ஆதலின் காலத்தாழ்வு கூடாது.

‘கண்ணாடி போட்டால் தீர்ந்தது’ என்பாரும் உளர். கண்ணாடி பிம்பத்தைத் திருத்துகிறதேயன்றி நீண்டுவிட்ட கண்ணைக் குறுக்குவதில்லை. இளவயதில் ஆரம்பித்த கிட்டப்பார்வை கடுமையாகும். கடுமையானால் விழித்திரை கிழிந்து கழன்றுவிடும் அபாயமும், கண் நீர் அழுத்த நோயும், விழித்திரையின் மையம் கெட்டு நடுவயதிலேயே குருடாகும் அபாயமும் அதிகரிக்கின்றன. நம் ஸர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி அளிப்பது போற்றத்தக்கதே. ஆனால் ஒரு கையால் கண்ணாடி கொடுத்து மற்றொரு கையால் மைதானத்தைப் பறிப்பது தர்மமாகாது.

நம் தேசத்தின் நிலை இன்னும் கிழக்காசியாவின் நிலையை எட்டவில்லை. 2015-ல் வெளியான ஆராய்ச்சியின்படி டில்லிப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 13 பேருக்குக் கிட்டப்பார்வை காணப்பட்டது. அதாவது, நமக்கு இன்னும் அவகாசமிருக்கிறது. ஸியோலும் சிங்கப்பூரும் கண்ணைக் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் படித்தே அறிந்துகொள்ளலாம்.

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை, பாடசாலைக்கு விளையாட்டு மைதானம் வேண்டுமென்று விதிக்கிறது. அட்டவணைப்படி நடவாத பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்ய 19-வது பிரிவு இடந்தருகிறது. மைதானமில்லாத பள்ளிகளை மூட வேண்டுமென்று 2024-ல் கேரள ஹைக்கோர்ட்டும் கூறிற்று. ஆயினும் வீதியோரத்து மாடிக் கட்டடங்களில், மோட்டார் வண்டிகள் நிற்கும் முற்றமே மைதானமாகக் கணக்குக் காட்டப்படுவதை யார் அறியார்? மைதானமுள்ள பள்ளிகளிலோ, பரீக்ஷை நெருங்கியதும் தேகப்பயிற்சிப் பாடவேளையைக் கணித உபாத்தியாயர் கடன் வாங்குகிறார். அக்கடன் என்றும் திருப்பித் தரப்படுவதில்லை. மாலையில் டியூஷன், இரவில் கைபேசி. இப்பிள்ளை சூரியனைக் காண்பது எப்போது?

நம் நாட்டு வெயில் கொடியது என்று ஆட்சேபிக்கலாம். உச்சிவெயிலில் நிற்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. காலையும் மாலையும் போதும். மரநிழலிலும் வகுப்பறையைவிடப் பன்மடங்கு வெளிச்சமுண்டு. மரத்தடியில் பாடஞ்சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சூரியனை நேரே பார்ப்பது மட்டும் எக்காலத்தும் கூடாது.

ஆகவே நாம் கோருவது மூன்று. தொடக்கப் பள்ளிகளில் தினம் ஒரு மணி நேரமாவது வெளியில் கழிப்பதை ஸர்க்கார் கால அட்டவணையிலேயே சேர்க்க வேண்டும். தேகப்பயிற்சி வேளையை வேறு பாடத்திற்கு எடுப்பதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். மைதானமில்லாத புதிய பள்ளிக்கு அங்கீகாரமளிக்கக் கூடாது. பெற்றோருக்கும் ஒரு கடமையுண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் செல்கையில் பரீக்ஷைத் தேர்ச்சி எத்தனை சதவிகிதம் என்று விசாரிக்கும் அவர்கள், மைதானம் எங்கே என்றும் விசாரிக்கட்டும். பத்துப் பெற்றோர் கேட்டால் பள்ளியார் கவனிப்பர். ஆயிரம் பேர் கேட்டால் ஸர்க்காரும் கவனிக்கும். பகல் வெளிச்சத்திற்குக் கட்டணமில்லை, இறக்குமதித் தீர்வையில்லை. அதையும் நம் குழந்தைகளுக்குக் கொடுக்க மறுத்தோமானால், அவர்கள் வளர்ந்து நம்மைக் கேட்கும் கேள்விக்கு நம்மிடம் விடையிராது.