மருத்துவத் தேர்வில் மூச்சுத்தொகுதிப் பரிசோதனை

மூச்சுத்தொகுதிப் பரிசோதனை என்பது நோயாளியைப் பார்த்தும், தொட்டும், மார்பைத் தட்டியும், மூச்சொலியைக் கேட்டும் நுரையீரல் நோயை அறியும் முறையாகும். மருத்துவச் செய்முறைத் தேர்வுகளில் இது முக்கிய இடம் பெறுகிறது. ஐக்கிய இராச்சியத்தின் மூன்று ராயல் மருத்துவர் கல்லூரிகள் நடத்தும் எம்ஆர்சிபி பட்டத்துக்கான பேசஸ் தேர்வில் இதற்கு 10 நிமிடங்கள் தரப்படுகின்றன. அவற்றில் 6 நிமிடம் பரிசோதனைக்கும் 4 நிமிடம் கேள்விகளுக்கும் உரியவை.

வரலாறு

மார்பைத் தட்டி அறியும் முறையை ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் அவுன்புருக்கர் 1761இல் வெளியிட்டார். பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெனெக் 1816இல் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கினார்.

பரிசோதனை வரிசை

முதலில் கட்டிலின் காலடியில் நின்று நோயாளியைக் கவனிக்க வேண்டும். ஆக்சிஜன் குழாய், இன்ஹேலர், சளிக் கிண்ணம் ஆகியவை நோயைப் பற்றிய குறிப்புகளைத் தரும். அடுத்து, ஒரு நிமிடத்திற்கான மூச்சு எண்ணிக்கையைக் கணக்கிட வேண்டும்.

பின்னர் விரல்களைப் பார்க்க வேண்டும். விரல் நுனி பருத்து நகம் வளைந்திருப்பது நுரையீரல் நார்த்திசு நோய், மூச்சுக்குழாய் விரிவு நோய், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றில் காணப்படலாம். புகைப்பழக்கத்தால் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் மட்டும் இருந்தால் இக்குறி தோன்றாது. தோன்றினால் புற்றுநோய் உள்ளதா என ஆராய வேண்டும்.

அறுவைத் தழும்பு பெரும்பாலும் முதுகிலிருந்து அக்குள் பக்கம் வரை நீண்டிருக்கும். நோயாளியின் கையை உயர்த்திப் பார்க்காதவர் கண்ணில் அது படாது.

தட்டும்போது ஒலி மந்தமானால்

மார்பின் அடிப்பகுதியில் ஒலி மந்தமாக இருப்பது பல நோய்களில் காணப்படும். ஆகவே அதை மட்டும் கொண்டு நோயை முடிவு செய்யலாகாது. மூச்சுக்குழலின் இடம், மூச்சொலி, நோயாளி 'நைன்ட்டி நைன்' என்று சொல்லும்போது கேட்கும் குரலதிர்வு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

• நுரையீரல் உறையில் நீர்: மூச்சொலியும் குரலதிர்வும் குறையும். நீர் மிகுந்தால் மூச்சுக்குழல் எதிர்ப்பக்கம் தள்ளப்படும்.
• நிமோனியாவால் இறுகிய நுரையீரல்: குரலதிர்வு கூடும், குழாயில் ஊதுவது போன்ற மூச்சொலி கேட்கும். மூச்சுக்குழல் பொதுவாக நடுவிலேயே இருக்கும்.
• நுரையீரல் சுருக்கம்: பெரும்பகுதி சுருங்கினால் மூச்சுக்குழல் நோயுள்ள பக்கம் இழுக்கப்படும். மூச்சொலி குறையும்.

நொறுங்கொலிகள்

மூச்சை உள்ளிழுக்கும்போது, முடிவில் கேட்கும் நுண்ணிய நொறுங்கொலி இருமிய பின்பும் மாறாவிட்டால் நார்த்திசு நோயை எண்ணலாம். மூச்சுக்குழாய் விரிவு நோயின் ஒலி முரடானது, இருமினால் மாறக்கூடியது. ஆகவே இருமச் சொல்லி மறுபடியும் கேட்பது அவசியம்.

பொதுவான தவறுகள்

இல்லாத குறியை உண்டு எனச் சொல்வது பெருந்தவறாகும். ஒரு நோயை முன்கூட்டியே ஊகித்துக்கொண்ட மாணவர், அதற்குரிய ஒலி கேட்டதாக நம்பிவிடுவதுண்டு. தேர்வறையில் இதனால் மதிப்பெண் குறையும். மருத்துவமனையில் தவறான சிகிச்சைக்கு வழிவகுக்கும். கண்டதை முதலில் கூறி, அதற்குப் பொருந்தும் நோய்களைப் பின்னர் வரிசைப்படுத்துவதே ஏற்ற முறை.

நோயாளியின் நலனுக்கும் பேசஸ் தேர்வில் தனி மதிப்பெண் உண்டு. மூச்சுத்திணறல் உள்ளவரைத் தொடர்ந்து ஆழ்ந்து மூச்சுவிடச் சொன்னால் அவர் களைத்துப்போவார். இடையில் ஓய்வு தருவதும், வலி உள்ளதா என முன்பே கேட்பதும், முடிவில் ஆடையைச் சரிசெய்ய உதவுவதும் பரிசோதனையின் பகுதிகளேயாகும்.