டிராகனின் திணை

மேலைநாட்டுப் புனைகதைகளைத் தமிழிற் பெயர்க்க முற்படுவோர்க்கு டிராகன் என்னும் உயிர் இருவகை இடர்ப்பாட்டைத் தருகின்றது. ஒன்று பெயர் பற்றியது; மற்றொன்று வினைமுற்றுப் பற்றியது. முன்னதைக் குறித்துப் பலரும் பேசுவர். பின்னதே பெரிது என்பது எம் கருத்து. டிராகன் 'பேசியது' என்று எழுதுவதா, 'பேசினான்' என்று எழுதுவதா? ஆங்கிலத்தில் நாய்க்கும் கப்பலுக்குங்கூட 'அவன்', 'அவள்' என்னும் சுட்டுப்பெயர்கள் வழங்குதலின் அம்மொழியார்க்கு இவ்வினா எழுவதில்லை. தமிழிலோ படர்க்கை வினைமுற்று ஒவ்வொன்றும் திணையை உணர்த்தியே முடிகின்றது. அவர்கள் தீர்க்காது விட்ட ஒன்றை நாம் வாக்கியந்தோறும் தீர்த்தாக வேண்டும். இஃது இடையூறாகத் தோன்றினும், டிராகன் கதைகள் சென்ற வழியை அளத்தற்கு நல்லதோர் அளவுகோலாகவும் அமைகின்றது.

பெயரைப் பற்றிச் சிறிது கூறி அமைவோம். கிரேக்கச் சொல் பெரும்பாம்பைக் குறிப்பது. பார்த்தல் என்னும் பொருளுடைய வினையடியோடு அதனை இயைத்துக் காட்டுவர் அறிஞர். தமிழ் விவிலியம் 'வலுசர்ப்பம்' என்றது. 'பறவை நாகம்' என்பாரும் உளர். முன்னது தீமையின் உருவம் என்னும் சமயக் குறிப்பை விடாது உடன்கொணர்கின்றது. பின்னது ஊர்ந்து திரியும் வடபுல டிராகன்களுக்குப் பொருந்தாது. ஆதலின் டிராகன் என்றே ஈண்டு வழங்குவோம். புதையல் காக்கும் நாகம் நம் நாட்டார் கதைகளிலும் உண்டேயெனின், உண்டு. ஆனால் அந்நாகத்தோடு எவரும் அமர்ந்து வாதிடுவதில்லை.

திணை என்பது பொருளின் இயல்பா, கருதுவாரின் கருத்தா என்னும் வினா நம் இலக்கண உரைகளுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் 'மக்கள்' என்று வாளா கூறாது 'மக்கட்சுட்டு' என்றமையால், மக்களென்று சுட்டப்படும் பொருளே உயர்திணை என்று பொருள் விரிப்பர். நன்னூலார் தேவரையும் நரகரையும் உடன்சேர்த்தார். டிராகன் இம்மூவருள்ளும் அடங்காது. பேசுகின்றது என்பதொன்றே கொண்டு உயர்திணை எனலும் ஒல்லாது. கேட்பன போலவும் பேசுவன போலவும் அஃறிணைப் பொருள்களைக் கூறலாம் என நன்னூல் இடந்தருகின்றது. பஞ்சதந்திர நரி எத்துணைப் பேசினும், எத்துணைப் பொய் கூறினும், 'கூறியது' என்றே முடியும். ஆயினும் அந்நரியின் எதிரே நிற்பன சிங்கமும் எருதுமே. டிராகன் கதையில் எதிரே நிற்பவன் மனிதன். தன்னைச் சொல்லால் மாற்றவல்ல ஒன்றை அம்மனிதன் எவ்வாறு சுட்டுவான் என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

பழைய ஆங்கிலக் காப்பியமாகிய பெயோவுல்ஃப் 3,182 அடிகளையுடையது, கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதப்பெற்ற ஒரே ஏட்டில் நமக்குக் கிடைத்துள்ளது. அதன் இறுதிப் பகுதியில் வரும் டிராகன் 300 ஆண்டுகள் புதையல் காத்தது. கிண்ணம் ஒன்று களவு போனமையால் வெகுண்டு ஊர்களை எரித்தது. 50 ஆண்டுகள் அரசாண்ட முதுவேந்தனைக் கொன்று தானும் மாண்டது. அதற்குப் பெயரில்லை. ஒரு சொல்லும் அது பேசவில்லை. மூலத்தில் ஆண்பாற் சுட்டு வருகின்றதே எனின், அது சொல்லின் இலக்கணப் பால் பற்றி வந்ததேயன்றிப் பொருள் பற்றி வந்ததன்று. அஃறிணை முடிபே அங்குத் தகும்.

ஐஸ்லாந்தில் எழுதிவைக்கப்பெற்ற வடபுலப் பாடல்களில் வரும் ஃபாப்னிர் அவ்வாறல்லன். தந்தையைக் கொன்று பொன்னைக் கவர்ந்த மகன் அவன். அப்பொன்மேற் கிடந்து டிராகனானவன். குழியில் ஒளிந்திருந்த சிகுர்து வாளாற் குத்த, சாகுந் தறுவாயில் 'நீ யார்?' என்று வினவுகின்றான். சிகுர்து முதலில் தன் பெயரை மறைக்கின்றான். சாகின்றவன் பகைவனைப் பெயர் சொல்லிச் சபித்தால் அச்சாபம் பலிக்கும் என்று அக்காலத்தார் நம்பினர். ஆகவே, வாளால் வென்றவன் சொல்லுக்கு அஞ்சுகின்றான்.

இவ்விரு டிராகன்களையும் ஒருங்கே உளங்கொண்டவர் டோல்கீன். பெயோவுல்ஃப் பற்றி அவர் 1936-இல் ஆற்றிய பேருரை, அக்காப்பியத்தின் அரக்கவுயிர்களைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிய திறனாய்வாளரை மறுத்தெழுந்தது. மறு ஆண்டே சிறுவர்க்கென வெளிவந்தது 'ஹாபிட்'. அதன் ஸ்மாக், கிண்ணம் களவு போனமையால் வெகுளுதலைப் பெயோவுல்ஃபிலிருந்தும், பேச்சை ஃபாப்னிரிடமிருந்தும் பெற்றவன் எனலாம். சிறியனாகிய பில்போ இருளில் நின்று அவனோடு உரையாடும் பகுதியே அந்நூலின் உயிர்நிலை. பில்போ தன் பெயரைச் சொல்லாது விடுகதைகளால் தன்னைக் குறிக்கின்றான். ஸ்மாக்கோ, புதையலில் உன் பங்கை எவ்வாறு சுமந்து செல்வாய் என்று வினவித் தோழர்கள்மேல் ஐயத்தை ஊன்றிவிடுகின்றான். அந்த ஐயம் நெருப்பினும் நெடிது நின்று சுடுகின்றது. அவனும் தன் புகழ்மொழியாலேயே கெடுகின்றான். மார்பின் கவசத்தைப் பெருமையாகக் காட்டப்போய், இடப்பக்கத்து வெற்றிடத்தையும் காட்டிவிடுகின்றான். இவனை 'அது' என்று எழுதுவோமாயின் உரையாடல் முழுதும் பொருளிழக்கும்.

டிராகனைப் பல்லில்லாத பிராணி ஆக்கியவை குழந்தைக் கதைகளே என்றும், முதியோர்க்கான புனைகதைகளே அதன் பெருமையை மீட்டன என்றும் ஒரு கருத்து வழங்குகின்றது. பாதி உண்மை. கென்னத் கிரேயம் 1898-இல் எழுதிய கதையில் டிராகன் கவிதை இயற்றுகின்றது. போரில் அதற்கு விருப்பமில்லை. ஒரு சிறுவன் இடைநின்று புனித ஜார்ஜுடன் ஒரு போலிப் போர் நடத்தி ஊராரை மகிழ்விக்கின்றான். நயமான நகைச்சுவைதான். ஆனால் அந்த டிராகனின் சொல்லுக்கு எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. நெஸ்பிட் அம்மையாரின் கடைசி டிராகனும் அன்பாக ஒரு சொற் கேட்டவுடன் கண்ணீர் வடிக்கின்றது. இவை பஞ்சதந்திர நரியின் இனம். 'பேசியது' என்றே எழுதிச் செல்லலாம்.

ஆயினும் 1952-இல் சி. எஸ். லூயிஸ் எழுதிய 'டான் டிரெடரின் பயணம்' இக்கருத்துக்கு அடங்காதது. பேராசை கொண்ட யூஸ்டஸ் என்னும் சிறுவன் இறந்த டிராகனின் புதையல்மேல் உறங்கி, டிராகனாக விழிக்கின்றான். தண்ணீரிற் கண்ட உருவம் தன்னுடையதே என அறிகின்றான். அவனாற் பேச இயலவில்லை. நடந்ததை மணலில் எழுதிக்காட்ட முயன்று தோற்கின்றான். எல்லாரையும் பழித்துத் திரிந்தவனுக்கு, பேச்சு போனபின்னரே பிறர் துணையின் அருமை விளங்குகின்றது. உடல் அஃறிணை; உணர்வு உயர்திணை; இரண்டற்கும் இடையே வாயில் அடைபட்டுள்ளது. சிறுவர் நூல்தான் இது. எனினும் திணை வினாவை இத்துணைக் கூர்மையாக எழுப்பிய முதியோர் நூல்கள் சிலவே. முதியோர்க்கென எழுதப்பெற்று 1996-இல் தொடங்கிய ஜார்ஜ் மார்ட்டினின் பெருங்கதையிலோ டிராகன்கள் வாய்திறவா. அவற்றிற்கு ஆணை விளங்கும், விடை கூறா. அங்கு அவை மீண்டும் அஃறிணையே. அரசியலார் கையிற் படைக்கலம்.

இனிக் காதற்கதைகளுக்கு வருவோம். ஆன் மெக்காஃப்ரி 1967-இல் வெளியிட்டு மறு ஆண்டு ஹியூகோ பரிசு பெற்ற குறும்புதினத்திலும், அதனை உள்ளடக்கிய 'டிராகன்ஃபிளைட்' (1968) என்னும் புதினத்திலும் டிராகனின் குரல் வாயிலிருந்து வருவதில்லை. தன்னை ஊர்பவரின் உள்ளத்துள் ஒலிக்கின்றது. ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) வரை இம்முறை நீண்டுள்ளது. இதன் விளைவை நம் இலக்கணம் நன்கு காட்டும். திணை வேறுபாடு படர்க்கைக்கே சிறப்பாக உரியது. தன்மை வினையைத் தொல்காப்பியர் உயர்திணையுள் வைத்தோத, நன்னூலார் இருதிணைக்கும் பொதுவாக்கினார். 'வந்தேன்' என்பதைக் கேட்டு வந்தவர் எத்திணையார் என்று துணிதல் இயலாது. உள்ளத்துள் ஒலிக்கும் குரல் தன்மையிலும் முன்னிலையிலுமே நிற்பது. ஆதலின் இந்நூல்கள் திணை வினாவுக்கு விடையிறுக்காமலே கடந்து செல்கின்றன.

அவ்வாறு கடந்து செல்லுமிடத்தில் ஒரு சிக்கல் மறைந்து கிடக்கின்றது. மெக்காஃப்ரியின் கதையில் அரசி டிராகனாகிய ராமோத் புணர்ச்சிப் பறப்பில் எழும்போது அதன் வேட்கை லெஸ்ஸா என்னும் பெண்ணையும் ஆட்கொள்கின்றது. ராமோத்தை எட்டிப்பிடித்த ஆண் டிராகனை ஊர்பவனோடு அவள் இணைகின்றாள். அவளது இசைவை எவரும் வினவவில்லை. யாரோஸ் இதனை மாற்றியுள்ளார்: இணைசேர்ந்த இரு டிராகன்கள் நெடுநாட் பிரிந்திருத்தல் இயலாமையால் அவற்றை ஊரும் வயலட்டும் சேடனும் அடிக்கடி கூட நேர்கின்றது, காதல் கொள்வதும் கொள்ளாததும் அவர்கள் பொறுப்பு. இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. எனினும் இரு நூல்களிலும் ஓர் இரட்டை வழக்குண்டு. தன்னை ஊர்பவரைத் தேர்ந்து கொள்ளும்போது டிராகன் மனிதனினும் மேலாகிய அறிவுடையது. மனிதர் தாமே ஒப்புக்கொள்ளத் தயங்கும் வேட்கையைச் சுமக்கும்போது அது விலங்கு. வேண்டுமிடத்து உயர்திணை, வேண்டாவிடத்து அஃறிணை. பெயர்ப்பாளர் ஒரே முடிபை நூல் முழுதும் ஆண்டாரெனின் இவ்விரட்டை வழக்கு வெளிப்பட்டே தீரும். அதனை மூடிமறைத்தல் அவர் கடமையன்று.

இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்டவர் அர்சுலா லெ குவின். 1968-இல் வெளிவந்த முதல் எர்த்ஸீ நூலில் அவர் ஒரு நுட்பம் வைத்தார். படைப்புக்கால முதுமொழியில் மனிதர் பொய் கூறுதல் இயலாது; டிராகன்களுக்கோ அது தாய்மொழி; ஆகவே அவற்றால் அதிற் பொய்யும் கூறவியலும். மொழி அவர்களுடையது; மனிதனே அதனைக் கற்று வருபவன். அஃறிணை எனப்பட்டதன்முன் மனிதன் மாணாக்கனாய் நிற்கின்றான். 1990-இல் 'தெஹானு'வில் மேலும் ஒரு படி சென்று, மனிதரும் டிராகன்களும் முற்காலத்து ஓரினமே என்னும் பழங்கதையைப் புகுத்தினார். தீயிற் சுடப்பட்டுக் கைவிடப்பட்ட சிறுமியைக் கலெஸின் என்னும் முதிய டிராகன் மகளென அழைக்கின்றது. 2001-இல் வந்த 'மற்றைக் காற்று' என்னும் நூலின் முடிவில் அவள் டிராகன் உருக்கொண்டு விண்ணிலெழுந்து மறைகின்றாள்.

அவ்விடத்தில் ஆங்கிலச் சுட்டுப்பெயர் மாறவில்லை. மாற வேண்டிய தேவையும் அம்மொழிக்கில்லை. தமிழிற் பெயர்ப்பவர்க்கு இறக்கை முளைத்த அந்த வாக்கியத்திலேயே 'பறந்தது' என்று எழுதக் கை நீளும். காலமும் பூதமும் ஞாயிறும் திங்களும் உயர்திணைப் பொருளவாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் எனக் கிளவியாக்கம் கூறுதலைத் துணையாகக் காட்டுவாரும் இருப்பர். அவை பெயர்ச்சொல்லின் இயல்பு பற்றி அவ்வாறு முடிந்தன. தெஹானுவோ ஒரு பெண்ணின் பெயர். 'பறந்தாள்' என்றே எழுதுதல் வேண்டும்.