கடலோர கோல்ஃப் மைதானத்துக்கு விவசாயி போடும் மார்க்

சனி, ஞாயிறு வந்துவிட்டால் சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகும் சாலையில் கார்கள் வரிசை கட்டுகின்றன. கடலூர் தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரையில் சுண்டல் விற்பவர்களுக்கு மாலையில் ஓய்வே இல்லை. விடுமுறைக்கு ஆட்கள் வரும் இடத்துக்கு, பின்னாலேயே நிலம் தேடுகிறவர்களும் வருவார்கள். 'உப்பு மண்ணுதானே, ஒண்ணும் விளையல, கொடுத்துட்டா என்ன?' என்ற பேச்சு டீக்கடையில் அடிபடும். ரிசார்ட், நீச்சல் குளம் என்று தொடங்கும் பட்டியலில் சில நேரம் கோல்ஃப் மைதானமும் சேர்ந்துகொள்ளும்.

கோல்ஃப் பணக்காரர் விளையாட்டு, நமக்கென்ன என்று ஒதுங்க முடியாது. காரணம், அது பந்தைவிடப் புல்லையும் தண்ணீரையும் நிலத்தையும் நம்பிய விளையாட்டு. இந்த மூன்றும் விவசாயியின் பாடம்.

பந்து சின்னது, மைதானம் பெரியது

கோல்ஃப் மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொன்றும் நாலேகால் அங்குல அகலம். தொடங்கும் இடத்திலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டே போய், எத்தனை குறைந்த அடியில் குழிக்குள் போடுகிறோம் என்பதுதான் ஆட்டம். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் இடையே நூற்றுக்கணக்கான அடி தூரம். அதனால் 18 குழி மைதானத்துக்கு 120 முதல் 180 ஏக்கர் வரை நிலம் பிடிக்கும்.

ஆடப் போகிறவர்கள் மைதானத்துக்கு மார்க் போடுவார்கள். குழியைச் சுற்றிய புல் மெத்தை மாதிரி சமமாக இருக்கிறதா? அது 3, 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்பட்டிருக்கிறதா? மணல் பள்ளங்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா? கடல் தெரிகிறதா? இவைதான் அவர்கள் பார்ப்பது. பக்கத்து வயல்காரர் பார்க்க வேண்டியவை வேறு.

ஆடு மேய்ந்த இடத்தில் பிறந்த ஆட்டம்

கோல்ஃப் வளர்ந்ததே கடலோரத் தரிசில்தான். ஸ்காட்லாந்தில் கடற்கரைக்கும் உழவு நிலத்துக்கும் இடையே மணல்மேடும் குட்டைப் புல்லுமாக ஒரு பட்டை நிலம் உண்டு. அதை 'லிங்க்ஸ்' என்பார்கள். ஏர் ஓட்ட லாயக்கில்லை, ஆடு மேய்த்தார்கள். முயலும் ஆடும் கடித்துக் கடித்தே புல் குட்டையானது. காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த குழிகள்தான் பிற்பாடு மணல் பள்ளங்கள் ஆயின என்று சொல்வார்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரின் பழைய மைதானம் இதற்குப் பேர்போனது. 18 குழி என்ற கணக்கு அங்கேதான் 1764-ல் உருவானது. 1797-ல் கடனில் மூழ்கிய அந்த நகர மன்றம் நிலத்தை விற்றுவிட்டது. முயல் வளர்க்க எடுத்தவர்களுக்கும் கோல்ஃப் ஆடியவர்களுக்கும் வருடக்கணக்கில் வழக்கும் அடிதடியும் நடந்தன. இன்றைக்கு அது பொது நிலம். ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் காலாற நடக்கிறார்கள்.

பிரிட்டிஷார் போன இடமெல்லாம் இந்த ஆட்டத்தைக் கொண்டுபோனார்கள். கல்கத்தாவில் 1829-லும், கொடைக்கானலில் 1895-லும் கோல்ஃப் கிளப் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்தின் குளிரும் அடிக்கடி தூறும் மழையும் நம் கடற்கரையில் இல்லை. கடலூர் மாவட்டத்தில் வருஷ மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பங்குனி, சித்திரையில் புல் பச்சையாக நிற்க வேண்டுமானால் மோட்டார் ஓட வேண்டும். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

மைதானத்துக்கு ஐந்து கேள்வி

ஒரு கேள்விக்கு 20 மார்க். கூட்டினால் 100. பள்ளிக்கூடக் கணக்குப்படி 35-க்குக் கீழே போனால் பெயில்.

முதல் கேள்வி: தண்ணீர் எங்கிருந்து?

வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் புல்லிலிருந்து ஆவியாகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு 20,000 லிட்டர். மைதானத்தில் 60 ஏக்கருக்கு மட்டும் பாய்ச்சினாலும் நாளொன்றுக்கு 12 லட்சம் லிட்டர். கிராமக் குடிநீருக்கு அரசு வைத்திருக்கும் கணக்கு ஆளுக்கு 55 லிட்டர். அந்தக் கணக்கில் இது ஏறத்தாழ 22,000 பேருக்கான தண்ணீர். நெல்லும் தண்ணீர் குடிக்கும்தான். ஆனால் நெல் நான்கு மாதத்தில் அறுவடையாகிவிடும். இந்தப் புல்லுக்கு அறுவடையே இல்லை.

கடலோரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், நாளடைவில் கீழேயிருக்கும் உப்புத் தண்ணீர் 40 அடி வரை மேலே வரலாம். ஒரு இடத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சினால், பக்கத்துத் தோட்டத்து மோட்டாரில் உப்பு வரும். சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சுவோம் என்றால் 20 மார்க் போடலாம். ஆழ்துளைக் கிணறு என்றால் முட்டைதான்.

இரண்டாவது கேள்வி: மணல்மேடு நிற்குமா?

கடற்கரை மணல்மேட்டில் அடம்புக்கொடி படர்ந்திருக்கும். முள்ளாகக் குத்தும் இராவணன் மீசைப் புல் உருண்டோடும். பார்க்கப் புதர்தான். ஆனால் மணலைப் பிடித்து நிறுத்துவது இவைதான். மேடு மழைநீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு, ஊருக்குள் உப்பு வராமலும் தடுக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் ரிசார்ட்டுக்காக மணல்மேட்டைத் தட்டையாக்கக் கூடாது என்று சொல்கின்றன. பழைய ஸ்காட்லாந்து மைதானங்கள் மேட்டை மேடாகவே விட்டு ஆடின. புல்டோசரோடு வருகிற மைதானத்துக்கு இங்கே மார்க் கிடையாது.

மூன்றாவது கேள்வி: காட்டுக்கும் கழிமுகத்துக்கும் என்ன ஆகும்?

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது பிச்சாவரம் சதுப்புநிலக் காடு. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், சதுப்புநில மரங்களும் சவுக்குத் தோப்புகளும் முன்னால் நின்ற இடங்களில் சேதம் குறைவாக இருந்ததாக 2005-ல் எழுதினார்கள். நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும் இதில் சேரும் என்பது வேறு சிலர் வாதம். எப்படியானாலும் மரம் நிற்பது நல்லது என்பதில் சந்தேகமில்லை.

இந்தக் காட்டையே ஒரு காலத்தில் கூப்புப் போட்டு மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் உள்வாங்கி, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறி, எதுவும் முளைக்காமல் போனது. பிறகு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓத நீர் உள்ளே வந்துபோக வழிசெய்தார்கள். உப்பு கழுவிப்போய்க் கன்றுகள் பிடித்தன. 'ஒண்ணும் விளையாத நிலம்' என்று ஒதுக்கிய இடத்தில் காடு திரும்பியது. கடலோரத்தில் நிலம் தேடி வருகிறவரிடம் பேசும்போது இந்த அனுபவம் நினைவில் இருக்க வேண்டும்.

புல்தரைக்குப் போடும் உரமும் களைக்கொல்லியும் மழையில் கழிமுகத்துக்குத்தான் போகும். அங்கே கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. வடிகால் எங்கே போகிறது என்பதை வரைபடத்தில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே மார்க் போட வேண்டும்.

நான்காவது கேள்வி: ஊருக்கு வழி உண்டா?

வலை காயப்போடும் இடம், மாடு போகும் பாதை, சுடுகாட்டு வழி, கோயில் தீர்த்தவாரிக்குக் கடற்கரை போகும் வழி எல்லாம் பட்டாவில் எழுதியிருக்காது. வேலி வந்த பிறகுதான் தெரியும். செயின்ட் ஆண்ட்ரூஸ் மாதிரி வாரத்தில் ஒரு நாள் திறந்துவிடும் மைதானத்துக்கு முழு மார்க் தரலாம். நான்கு பக்கமும் மதில் எழுப்பினால் பூஜ்யம்.

ஐந்தாவது கேள்வி: நிலம் யார் பெயரில் இருக்கும்?

புல் வெட்ட, தண்ணீர் பாய்ச்ச, ஆடுபவரின் பையைத் தூக்க ஆள் வேண்டும். வேலை கிடைக்கும் என்பது உண்மை. எத்தனை பேருக்கு, எந்த ஊர்க்காரருக்கு, எத்தனை வருஷத்துக்கு என்பது எழுத்தில் வேண்டும். விற்றுவிட்டால் பணம் ஒரு தடவை வரும். குத்தகை என்றால் நிலம் பிள்ளைகள் பெயரில் நிற்கும்.

இந்த ஐந்தையும் கேட்க கிராம சபை நல்ல இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினால்தான் பிற்பாடு பேச ஆதாரம் இருக்கும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுவாகவும் கொடுக்கலாம்.

வாசகர் கேள்வி

கோல்ஃப் மைதானத்துக்கு என்ன புல் போடுகிறார்கள்?

நாம் களை என்று கொத்தி எறிகிற அருகம்புல்தான் வெப்பநாடுகளில் முதலிடம். அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல்லையும் கலந்த கலப்பின ரகங்கள் உலகெங்கும் மைதானங்களில் உள்ளன. கடலோரத்தில் இப்போது பாஸ்பலம் வெஜினேட்டம் என்ற உப்புப் புல்லும் போடுகிறார்கள். இது நம் வரகுக்குப் பங்காளி. இரண்டும் ஒரே பேரினம்.

உப்புப் புல் உப்புத் தண்ணீரிலேயே வளரும் என்கிறார்களே, அப்புறம் நல்ல தண்ணீர் எதற்கு?

உவர்நீரைத் தாங்கும் என்பது சரி. ஆனால் புல் உப்பைத் தின்றுவிடாது. பாய்ச்சிய உப்பு மண்ணிலேயே தங்கும். அவ்வப்போது நல்ல தண்ணீர் விட்டோ மழையிலோ கழுவ வேண்டும். கழுவியது வடிய வடிகால் வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் சில வருஷத்தில் அந்தப் புல்லும் காயும், பக்கத்து வயலும் கெடும்.

உப்பு ஏறிய நிலத்தில் புல்தரை வளர்த்து ரிசார்ட்டுகளுக்கு விற்கலாமா?

வாங்குகிறவரை உறுதிசெய்யாமல் இறங்க வேண்டாம். முதலில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதியுங்கள். மண்ணின் மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் போனால் அது உவர் நிலம். விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். புல்லைப் பாய் மாதிரி சுருட்டி விற்கும்போது மேல்மண்ணும் சேர்ந்து போகிறது. ஏக்கருக்கு ஒரு சென்டிமீட்டர் போனாலும் 50 டன்னுக்கு மேல். வருஷா வருஷம் விற்றால் நிலத்தையே சுருட்டி விற்ற மாதிரிதான். தேங்காய் நார்க் கழிவு மெத்தையில் வளர்த்தால் மண் மிஞ்சும்.

மணற்பாங்கான நிலத்துக்கு வேறு என்ன செய்யலாம்?

கடலூர்க் கரையோரத்துக்குச் சவுக்கு பழகிய பயிர். காற்றைத் தடுக்கும், மரமாக விலையும் போகும். கடலைப் பார்த்த வரப்பில் நாலு வரிசை சவுக்கு வையுங்கள். அதற்கும் கடலுக்கும் நடுவே அடம்புக்கொடி படர்ந்திருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். கூலி வாங்காமல் உங்கள் நிலத்தைக் காவல் காக்கிற கொடி அது.